செரெனாவின் கதவும் அண்ணனின் இருபத்து மூன்று கேள்விகளும்

கராபச்சாய் ஆற்றங்கரை,
தீக்ரே தீவுகள்.
17 ஜனவரி 1992, வெள்ளி.

என்றும் மரியாதைக்குரிய அண்ணன் எலிசெயோ அவர்களுக்கும் அண்ணி மிர்த்தா அவர்களுக்கும் தங்கை சுலேமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் ஹிலாரியோவும் எங்கள் காய்கறிப் படகும் நாயும் நலம். கொசுக்கள் எங்களைவிட நலம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் அண்ணியின் பூந்தொட்டிகளும் நலமா, கோமோதோரோவின் காற்று தங்கள் வீட்டுக் கூரையை இந்த வருஷமாவது விட்டுவைத்ததா என்று அறிய ஆவல். தாங்கள், தங்கள் என்று எழுதி இதற்குள்ளேயே கை வலி எடுத்துவிட்டது. என் புது வாளியை மிதக்கிறதா பார்ப்போம் என்று ஆற்றில் விட்டுத் தொலைத்தவனுக்கு எதற்கு இத்தனை மரியாதை? இனி நீ என்றே எழுதுகிறேன். அண்ணியை மட்டும் நீங்கள் என்பேன், அவர் நகரத்தில் பிறந்தவர்.

உன் கடிதமும், கூடவே நீ அனுப்பிய கேள்விப் பட்டியலும் கிடைத்தன. இருபத்து மூன்று கேள்விகள். நீ வேலை பார்த்த எண்ணெய்க் கிணற்றுக்குக்கூட இத்தனை கேள்வி கேட்டிருக்கமாட்டாய். இங்கே விலைக்கு நிற்கிற இரண்டு பழைய படகுகளையும் நான் நேரில் போய்ப் பார்த்து, எதை வாங்கலாம் என்று சொல்லவேண்டும். நான் சொல்வதையே வாங்குவாய். கார்னவால் பண்டிகைக்குள் ஒன்றும் அமையாவிட்டால் அண்ணியின் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில், மார் தெல் பிளாத்தாவில், எட்டாவது மாடியில் ஒரு ஃபிளாட் எடுத்துக்கொண்டு கடைசிக் காலத்தைக் கழிப்பீர்களாம். இந்தக் கடைசி வரியை மட்டும் ஹிலாரியோ இரண்டு முறை வாசித்துக் காட்டினார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் உருளைக்கிழங்கு பொறுக்கினோம். கோமோதோரோவுக்குப் போன முப்பத்தோரு வருஷத்தில் நீ நாலு முறை வந்தாய். நாலு முறையும் மூன்றே நாள். நாலு முறையும் தீக்ரே ஊரில் ஓட்டல், ஏனென்றால் முதல் தடவையே எங்கள் குளியலறையில் அண்ணி ஒரு தேரையைப் பார்த்துவிட்டார். அந்தத் தேரை செத்துப் பத்து வருஷமாகிறது, அண்ணி. அதன் பிள்ளைகள்தான் இப்போது இருக்கின்றன. ஆகவே, எங்கள் துறையில் கட்டிப்போட ஒரு படகு, அதில் அண்ணிக்குத் தேரை நுழையாத ஒரு கழிப்பறை. அது அமைந்தால் நீ எனக்குப் பத்தடி தூரத்தில். அமையாவிட்டால் எட்டாவது மாடியில். நான் சிரித்துச் சிரித்து எழுதுவேன், அது என் சுபாவம். ஆனால் இதை மட்டும் நான் சிரிப்பாக நினைக்கவில்லை என்று தெரிந்துகொள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் உன் பட்டியலில் காக்பிட் என்று இருந்ததைப் பார்த்து, நீ ஆகாய விமானம் வாங்கப் போகிறாய் என்று பயந்துவிட்டேன். ஸ்டீரிங்கும் பெஞ்சும் இருக்கிற அந்தத் திறந்த பின்பக்கத்தைத்தான் சொல்கிறாய் என்று ஹிலாரியோ விளக்கினார். அதை நம் அப்பா தொட்டி என்பார். நானும் தொட்டி என்றே எழுதுகிறேன். தொட்டி பெரிதா, கேபின் பெரிதா, இதுதானே உன் இருபத்து மூன்று கேள்விக்கும் உள்ளே கிடக்கிற ஒரே கேள்வி? படகு ஒன்றுதான், நீளம் அவ்வளவுதான், தொட்டிக்குக் கொடுத்ததைக் கேபினிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஊர் பார்க்க உட்கார்ந்திருப்பதா, கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்யவேண்டும். நீ எந்தப் பக்கம், அண்ணி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா?

முதல் படகு செரெனா. சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர், பெயர் பெல்த்ரான், ஓய்வு பெற்றவர், சின்ன ஓடை ஒன்றுக்குள் அவருக்கு வாரக்கடைசி வீடு இருக்கிறது, அதன் பின்பக்கம் படகு நிற்கிறது. செவ்வாய்க்கிழமை போனோம். நாலு நாளாக வடக்குக் காற்று அடித்து ஆறு வற்றிப்போய்க் கிடந்தது. ஓடையில் நாய் நனையத் தண்ணீர் இல்லை. செரெனா சேற்றில் உட்கார்ந்திருந்தது. அது எங்களுக்கு ஒரு விஷயமா? நம் அப்பாவின் படகு போர்ஃபியாதா வருஷத்தில் பாதி நாள் சேற்றில்தானே உட்கார்ந்திருக்கும்? பிடிவாதக்காரி என்று பெயர் வைத்தால் வேறென்ன செய்யும்? ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், அம்மா தட்டுக்கு அடியில் கட்டை வைத்துச் சூப் ஊற்றுவாள், அப்படியும் பாதித் தட்டில்தான் சூப் நிற்கும். கல்யாணமாகி ஹிலாரியோ வீட்டுக்குப் போன பிறகுதான் சூப் தட்டு முழுக்கப் பரவக்கூடியது என்று எனக்குத் தெரியும். மத்தியானத் தூக்கத்தில் ஐந்து பேரும் உருண்டு அப்பா பக்கம் சேர்ந்துவிடுவோம், எல்லோருக்கும் அடியில் நீ. உன் மூக்கு அப்படி ஆனதற்கு அதுதான் காரணம் என்று அண்ணியிடம் சொன்னாயா, இல்லை குத்துச்சண்டை போட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறாயா?

சரி, செரெனா. டாக்டர் நல்ல மனிதர், ஆனால் பாவம், ஒரு கால் குட்டை போலிருக்கிறது, படகில் ஏறித் திரும்பிப் பார்த்தால் படகுத்துறையில் ஒரே சாய்வாக நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு எப்படிப் படகில் குறை சொல்வது என்று எனக்குச் சங்கடமாக இருந்தது, இருந்தாலும் உனக்காகச் சொன்னேன். தொட்டி சின்னது. பக்கத்துக்கு ஒரு பெஞ்சு, நடுவில் என்ஜின் பெட்டி, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்ததும் ஹிலாரியோ மெல்ல மெல்ல நகர்ந்து என் மடிக்கு வந்துவிட்டார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவருக்கு அப்படி ஒரு ஆசை வந்ததில்லை என்பதால் குற்றம் பெஞ்சுமேல்தான். மூன்றாவதாக நீயும் வந்தால் நான் ஆற்றில். மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். எந்தப் படகையும் நான் அப்படித்தான் சோதிப்பேன், அளவு டேப்பெல்லாம் ஹிலாரியோவுக்கு. சுரைக்குடுக்கையை நேராகப் பிடித்துக் கெட்டிலைச் சாய்த்தால் தண்ணீர் குடுக்கைக்கு வராமல் பக்கத்தில் என் செருப்புக்குப் போகிறது. இரண்டு தடவை. உறிஞ்சு குழல்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

கேபின் பெரிது, பொய் சொல்லமாட்டேன். முன்னால் கூம்பாக ஒரு படுக்கை, இடது கைப்பக்கம் அடுப்பும் தொட்டியும் (இது பாத்திரம் கழுவுகிற தொட்டி), எதிரே மேசை, மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை, கதவோடு கழிப்பறை. ஆனால் தலை இடிக்கிறது. ஹிலாரியோ நின்றார், ஒரு பக்கம் நிற்கும்போது தலைக்கு மேல் முழங்கை அளவு இடம் இருக்கிறது, இன்னொரு பக்கம் நின்றால் கழுத்தை மடிக்கவேண்டியிருக்கிறது. யாரோ குடித்துவிட்டுக் கட்டிய கூரை. என் பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழம் விழுந்தது, அது யாரையும் கேட்காமல் உருண்டு மேசைப் படுக்கைக்கு அடியில் போய் மூலையில் ஒதுங்கிக்கொண்டது, கை விட்டும் வரவில்லை. அங்கேயே விட்டுவிட்டேன். உன் ஒன்பதாவது கேள்விக்காக, படுக்கை உன் உயரத்துக்குப் போதுமா என்று பார்க்க ஹிலாரியோவைப் படுக்கச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்து, படகின் சுவரோடு ஒட்டிப் படுத்தார், தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி உடனே தூங்கிவிட்டார். வெளியே டாக்டர் இருமுகிறார், கடிகாரம் பார்க்கிறார். “யோவ், எந்திரிய்யா, மனுஷன் நிக்கிறாரு”ன்னு சொன்னா, “இரு புள்ள, முதுகு வலி இப்பத்தான் போவுது”ங்கிறார். இருபது நிமிஷம். இப்படி ஒரு படுக்கையில் நீ படுத்தால் அண்ணி உன்னை எழுப்பவே முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம். தொட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, கண்ணாடி வைத்த நல்ல மரக்கதவு. அதைத் திறந்தால் தானாகவே மூடிக்கொள்கிறது. ஆறு தடவை திறந்தேன். ஆறு தடவையும் மெல்ல வந்து என் மூக்குக்கு நேரே டப் என்று சாத்திக்கொண்டது, கடன் கேட்டு வந்தவளைப் பார்த்த மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை அண்ணா. நீங்கள் இரண்டு பேரும் உள்ளே இருப்பீர்கள், நான் காய்கறி விற்றுவிட்டு வந்து வெளியே நிற்பேன், கதவு சாத்திக்கொள்ளும். எங்கள் துறையில் கட்டியிருந்தாலும் அது எட்டாவது மாடிதான்.

அந்தக் கதவுக்குக் கீழே ஒரு படி இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன், வழுக்கிவிட்டது. உனக்கு நம் போர்ஃபியாதாவின் படி ஞாபகம் இருக்கிறதா? கேபினுக்கு இறங்குகிற ஒற்றைப் படி, நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். உள்ளே அம்மா தலைவலி என்று படுத்தபடி துணி தைப்பாள், வெளியே அப்பாவும் நாங்களும் தூண்டில் போட்டிருப்போம், நீ அந்தப் படியில் உட்கார்ந்து மாத்தே ஊற்றுவாய். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாத நாட்களில் குடுக்கையோடு சேர்த்துச் சேதியும் உன் கையாலேயே போகும். “அப்பாகிட்ட சொல்லு, மீன் வேணாம்.” “அம்மாகிட்ட சொல்லு, மீனும் மாட்டல.” நீ கோமோதோரோவுக்குப் போன பிறகு படியில் உட்கார ஆள் இல்லை. நான் உட்கார்ந்தால் பேச ஆரம்பித்துவிடுவேன், மாத்தே ஆறிவிடும். அதற்கப்புறம் ஊற்றுகிறவர் ஒன்று உள்ளே உட்கார்ந்தார், இல்லை வெளியே உட்கார்ந்தார். யாராவது ஒருவருக்குக் கிடைக்காது.

போகட்டும். இரண்டாவது படகு லா கோர்தா. குண்டம்மா என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அண்ணி கோபிக்கவேண்டாம், படகு அந்தப் பெயரோடுதான் பிறந்தது. சொந்தக்காரர் பவுதீலியோ, ரொட்டிக்கடை வைத்திருந்தவர், பேச்சுக்குப் பேச்சு கையால் காற்றில் மாவு பிசைவார். நேற்று போனோம். அவர் துறையில் எப்போதும் ஆழம், படகு மிதந்துகொண்டிருந்தது. அண்ணா, தொட்டி என்றால் இதுதான் தொட்டி. பத்துப் பேர் உட்காரலாம், நாய்க்கும் இடம். இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு, மேலே கூடாரத்துணி, பின்னால் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு இறைச்சி சுடும் தட்டு, சாம்பல் விழுந்தால் மீனுக்கு. மாத்தே ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வட்டமாகப் போய் வட்டமாக வந்தது. டிசம்பர் கடைசியில் எல்லோரும் போர்ஃபியாதாவில் பரானா ஆற்று வாய் வரை போய் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதே இடி.

கேபினைப் பற்றியும் சொல்லவேண்டும். இருக்கிறது. கதவு இல்லை, ஒரு பொந்து இருக்கிறது, தவழ்ந்து போகவேண்டும். உள்ளே உட்காரலாம், நிமிரக்கூடாது. கழிப்பறை, முன்பக்கப் படுக்கையின் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. மெத்தையில் யாராவது படுத்திருந்தால் அவர் எழுந்து மடித்து வைத்துவிட்டு வெளியே வரவேண்டும். மறைப்புக்கு அன்னாசிப்பழம் போட்ட ஒரு திரை. பவுதீலியோ தானே உள்ளே தவழ்ந்து போய்த் திரையை இழுத்துவிட்டு, “இப்ப நான் தெரியிறனா?” என்று கேட்டார். முழங்காலும் தொப்பியும் தெரிந்தன. “இல்லண்ணே, சுத்தமாத் தெரியல”ன்னு ஹிலாரியோ சொன்னார். அவர் மூக்கில் கண்ணாடி இல்லை, அதனால் அது பொய்யும் இல்லை.

அண்ணி, இதற்கு முகம் சுளிக்கக்கூடாது. போர்ஃபியாதாவில் ஒரு வாளிதான் இருந்தது (என் வாளி இல்லை, அதை உங்கள் வீட்டுக்காரர் தொலைத்துவிட்டார்). யாருக்காவது அவசரம் என்றால் அப்பா, “எல்லாரும் ஆத்தைப் பாருங்க” என்பார். நாங்கள் தொட்டிக்கு வந்து வரிசையாக நின்று ஆற்றைப் பார்ப்போம். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள் யாராவது, ஆறு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள் என்று சொன்னால், சொன்னவருக்கு அவசரம் போலிருக்கிறது என்று நான் மரியாதையாகத் திரும்பிக்கொள்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு: லா கோர்தாவை வாங்கு. அண்ணிக்கு அந்தப் பொந்து ஒத்துவராதே, அவருக்கு முழங்கால் மடங்காதே, அவர் வரமாட்டேன் என்றால் நீயும் வரமாட்டாயே என்று ஹிலாரியோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டேயிருக்கிறார். எனக்குத் தெரியாதா? ஆனால் கதவு முகத்தில் சாத்துகிற படகை வாங்கு என்று என் கையால் எப்படி எழுதுவேன்? வேண்டுமானால் எங்கள் குளியலறையையே அண்ணிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். தேரைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அக்கரைக்குக் குடிமாற்றுகிறேன். அவை நீந்தித் திரும்பி வந்துவிடும், அது வேறு விஷயம்.

லுஹான் மாதா உங்கள் இருவரையும், முழங்கால்கள் நான்கையும், கூரையையும் காப்பாளாக. அண்ணிக்குக் கன்னத்தில் ஒரு முத்தம். உனக்குத் தலையில் ஒரு குட்டு, வாளிக்காக. ஹிலாரியோ தன் மச்சானுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

உன் கீழ்ப்படியாத தங்கை,
சுலேமா.

பி.கு. இன்று ஞாயிறு. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. நான் அடித்துவிட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் இதை எழுதவே இரண்டு நாள் ஆனது, காகிதமும் தீர்ந்துவிட்டது, இது வெங்காய மூட்டையின் சீட்டு.

ஹிலாரியோவின் கண்ணாடி செரெனாவின் படுக்கையிலேயே கிடக்கிறது என்று இன்று காலையில்தான் ஞாபகம் வந்து போனோம். வெள்ளி மத்தியானத்திலிருந்து தென்கிழக்குக் காற்று, ஆறு பெருகி எங்கள் துறையின் இரண்டாவது பலகை வரை வந்துவிட்டது. ஓடை நிறையத் தண்ணீர். செரெனா மிதந்துகொண்டிருந்தது. டாக்டர் துறையில் நேராக நின்றுகொண்டிருந்தார், இரண்டு காலும் ஒரே நீளம். நான் அவரையே பார்த்துக்கொண்டு நிற்க, ஹிலாரியோ உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ஏ சுலேமா. அன்னிக்குப் படகு சாஞ்சுல்ல கெடந்திருக்கு.”

“எந்தப் பக்கம்?”

“நாம இருந்த பக்கம்.”

டாக்டரிடம் கேட்டேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று. “சொல்லலாம்னுதான் வாயெடுத்தேம்மா. நீங்க ஆத்துலயே பொறந்தவங்க, உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்னு விட்டுட்டேன்” என்றார். அண்ணா, நகரத்துக்காரி யாராக இருந்தாலும் படகில் கால் வைத்ததுமே கத்தியிருப்பாள். நமக்குத்தான் சாய்ந்தால் வீடு மாதிரி இருக்கிறது, என்ன செய்ய?

கூரை நேராக இருக்கிறது. ஹிலாரியோ தொப்பியோடு நின்றார், அண்ணி கொண்டையோடு நிற்கலாம். அந்த ஆரஞ்சு தானாகவே வெளியே வந்து கேபின் நடுவில் உட்கார்ந்திருந்தது, உரித்துத் தின்றோம். தொட்டியில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம், ஹிலாரியோ என் மடிக்கு வரவேயில்லை, அது கொஞ்சம் வருத்தம்தான். கழிப்பறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறது, தேரைக்கு வழியே இல்லை.

பிறகு அந்தக் கதவைத் திறந்துவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன், எப்போது சாத்துகிறது பார்ப்போம் என்று. ஹிலாரியோ கெட்டிலோடு வந்தவர், உட்கார வேறு இடம் தேடாமல் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. டாக்டர் உள்ளே மேசையில் பத்திரம் தேடிக்கொண்டிருந்தார், நான் வெளியே. ஒன்று உள்ளே கொடுத்தார், ஒன்று வெளியே கொடுத்தார். எழுந்திருக்கவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கை மட்டும் போய் வந்தது. கெட்டில் காலியாகும் வரை உட்கார்ந்திருந்தேன் அண்ணா. கதவு சாத்தவில்லை.

செரெனாவை வாங்கு. உன் பட்டியலில் இருபத்து மூன்றோடு நிறுத்திவிட்டாய். கீழே நானே ஒன்று சேர்த்து, பதிலும் எழுதி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இருபத்து நாலு: படி உண்டா? உண்டு. உன் அகலத்துக்குச் சரியாக இருக்கிறது. கார்னவாலுக்கு முன்னாலேயே வந்து சேர்.